மரபணு என்பது தலையெழுத்து அல்ல

“எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது” என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்பு தலையெழுத்து என்றார்கள், இன்று டி.என்.ஏ. என்கிறார்கள். சொல் மாறியது; எண்ணம் மாறவில்லை. “கணக்கு என் மரபணுவிலேயே இல்லை, சார்” என்று படிவம் 4 மாணவர் விளையாட்டாகச் சொன்னாலும், அதன் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை அறிவியல் ஆகாது என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு காரணம், நம் மனத்தில் பதிந்திருக்கும் படம். டி.என்.ஏ. என்றதும் நேராக நிற்கும் முறுக்கிய ஏணியும், ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் வரிசையும்தான் நினைவுக்கு வருகின்றன. இது பாதி உண்மைதான். டி.என்.ஏ. வளையக்கூடிய ஒரு பொருள். எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது ஓய்ந்திருக்கவேண்டும் என்பதில், அதைப் பற்றிப் பிடித்து வளைக்கும் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவைப் பாருங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதனிடம் எப்போதும் உள்ளன. லாக்டோஸ் இல்லாதபோது அந்த நொதிகளைச் செய்வது வீண்செலவு. அப்போது ஓர் அடக்கிப் புரதம் அந்த மரபணுக்களின் வாசலை அடைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை 1961இல் விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர்கள் ஜேக்கப், மோனோ இருவரும் 1965இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்தப் புரதத்துக்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒரு பிடி வாசலில் இருக்கும். மற்றது 92 எழுத்து இணைகள் தள்ளியுள்ள துணை இடத்தையோ, இன்னும் தொலைவிலுள்ள வேறொரு துணை இடத்தையோ பிடிக்கும். இடையிலுள்ள டி.என்.ஏ. வளையமாகிவிடும். ஒரு பிடி நழுவினாலும் மற்றது விடாததால், புரதம் உடனே வாசலுக்குத் திரும்பிவிடுகிறது.

இது எளிய காரியமல்ல. நீளமான பிரம்பு சுலபமாக வளையும். துண்டுப் பிரம்பு முரண்டு பிடிக்கும். டி.என்.ஏ.வும் சுமார் 150 எழுத்து இணைகளுக்குக் குறைவான நீளத்தில் விறைப்பாகவே நிற்கும். அதையும் இந்தப் புரதம் வளைத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இரண்டு துணை இடங்களையும் செயலிழக்கச் செய்தபோது, வாசல் அப்படியே இருந்தும், அடக்கும் திறன் 50 மடங்குக்கு மேல் குறைந்தது.

லாக்டோஸ் வந்ததும் அடக்கிப் புரதத்தின் வடிவம் மாறி, பிடி தளர்கிறது. குளுக்கோஸும் குறைவாக இருந்தால், ‘கேப்’ என்னும் இன்னொரு புரதம் வந்து டி.என்.ஏ.வைச் சுமார் 90 பாகை வளைத்து, மரபணுவைப் படிக்கும் நொதி அங்கே வந்து அமர உதவுகிறது. ஆக, அதே எழுத்துகள்தாம். உணவு மாறியதும் பாக்டீரியாவின் செயல் மாறிவிட்டது.

நம் உடலிலும் கண்ணின் உயிரணுவுக்கும் கல்லீரலின் உயிரணுவுக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றுதான். எந்தப் புரதங்கள் எங்கே பிடிக்கின்றன என்பதே அவற்றை வெவ்வேறாக ஆக்குகிறது.

அப்படியானால் எழுத்துகளுக்கு மதிப்பில்லையா? உண்டு. தாலசீமியா நோய் எழுத்து மாற்றங்களால்தான் வருகிறது. புரதங்களும் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்களைத் தேடித்தான் பிடிக்கின்றன. உழைத்துப் படித்தால் டி.என்.ஏ. நம் விருப்பப்படி வளையும் என்றும் நான் சொல்லவில்லை. எழுத்து இருப்பது வேறு, அது எப்போது, எவ்வளவு படிக்கப்படுகிறது என்பது வேறு என்கிறேன். இரண்டாவதில் சூழலுக்கும் இடமுண்டு. கணக்கில் நீங்கள் வாங்கும் மதிப்பெண்ணையோ, எந்த ஒற்றை மரபணுவும் தீர்மானிப்பதில்லை.

மாணவர்களே, அடுத்த முறை டி.என்.ஏ.வை வரையும்போது அதை நேராக மட்டும் வரையாதீர்கள். ஓரிடத்தில் வளைத்து, அந்த வளைவில் ஒரு புரதத்தையும் வரையுங்கள். “மரபணுவில் எழுதியிருக்கிறது” என்று யாராவது சொன்னால், “எழுதியிருக்கலாம், அதை இப்போது படிக்கிறார்களா?” என்று கேளுங்கள்.