கடனும் கருணையும்

ஈட்டிய விடுப்பு என்பது கணக்குப் புத்தகத்தில் கம்பெனியின் கடன். மேலாளரின் மேஜைக்கு வந்ததும் அது சலுகையாகிவிடுகிறது.

டிசம்பர் பிறந்துவிட்டால் பெரிய கம்பெனிகளில் வழக்கமாக அரங்கேறும் காட்சி இது. சம்பளச் சீட்டின் ஒரு மூலையில் 'ஈ.எல். இருப்பு' என்ற கட்டம். அதில் நாற்பதோ நாற்பத்தைந்தோ என்று ஓர் எண். அந்த எண்ணை நம்பி ஊழியர் மேலதிகாரியிடம் போகிறார். தங்கைக்குக் கல்யாணம், பத்து நாள் லீவு வேண்டும் என்கிறார். "வருஷக் கடைசி, டார்கெட் கழுத்தை நெரிக்கிறது. இப்போதைக்கு அப்ளை பண்ணாதீங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. கெஞ்சிக் கேட்டபின் நாலு நாள் கிடைக்கிறது. ஊழியர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புகிறார்.

எதற்காக அந்த நன்றி? சீட்டில் இருக்கும் நாற்பது நாளும் அவர் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தவை. அந்த விடுப்புக்கு 'ஈட்டிய விடுப்பு' என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

இந்தியாவில் சட்டம் கண் விழிப்பதற்கு முன்பே ஒரு பெரிய கம்பெனி இதை உணர்ந்திருந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு எஃகு ஆலை 1912ல் 8 மணி நேர வேலையை அமலாக்கியது. 1920ல் சம்பளத்துடன் கூடிய விடுப்பைக் கொண்டுவந்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது 1936ல்தான். அதுவும் ஓராண்டு உழைப்புக்கு 6 வேலை நாள் விடுப்பு என்ற அளவில். சுதந்திர இந்தியாவில் கணக்கை நிலைநிறுத்தியது 1948ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு 20 நாள் உழைப்புக்கும் 1 நாள் விடுப்பு. 300 நாள் வேலை செய்தால் 15 நாள். முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியத் தொழிலாளியின் ஓய்வு இந்த வாய்ப்பாட்டில்தான் ஓடுகிறது.

2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச் சூழல் தொகுப்பும் 20க்கு 1 என்ற விகிதத்தை மாற்றவில்லை. தகுதி நாட்களை மட்டும் 240லிருந்து 180 ஆகக் குறைத்தது. ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், ஆர்டர் வரும் மாதங்களில் மட்டும் முழுவேகத்தில் ஓடும் ஆலைகளில் உழைப்பவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல.

விதிகளைக் கூர்ந்து படித்தால் பல ஊழியர்கள் அறியாத சங்கதிகள் கிடைக்கும். விடுப்புக்கு இடையிலோ முன்பின்னோ வரும் விடுமுறை நாட்களை விடுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 'சாண்ட்விச்' என்ற பெயரில் நடுவில் சிக்கிய விடுமுறையையும் சேர்த்துக் கழிக்கும் கம்பெனிகள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குப் போகும். அதற்கு மேல் சேர்ந்தால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் கேட்டு சரண்டர் செய்யும் உரிமையும் புதிய தொகுப்பில் உண்டு. வேலையை விட்டு நின்றாலும் நீக்கப்பட்டாலும், மிச்சமுள்ள விடுப்புக்கான சம்பளத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இறந்துபோனால் அது வாரிசுக்குச் சேரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்புக்கு 30 நாள் வரம்பு கிடையாது. எத்தனை நாளானாலும் அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போகும். 1948 சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. "இப்போதைக்கு அப்ளை பண்ணாதீங்க" என்ற வாய்மொழியின் விலை இங்கேதான் புரியும். விண்ணப்பமே இல்லாவிட்டால் மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லாவிட்டால் அந்த நாட்கள் ஊழியர் தாமாக விரும்பி எடுக்காமல் விட்டவை ஆகிவிடும். மேலதிகாரி கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கும் மேலே ஒருவர் டார்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் ஒரு துண்டுக் காகிதம், அல்லது கம்ப்யூட்டரில் பதிவான ஒரு விண்ணப்பம், உரிமையைக் காப்பாற்றும். நல்லுறவைக் கெடுக்க வேண்டாமே என்ற தயக்கம் அதைக் கரைத்துவிடும்.

கம்பெனியின் இன்னொரு மாடியில் கதையே வேறு. அங்கே ஆடிட்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊழியர்கள் எடுக்காமல் வைத்திருக்கும், பணமாக்கத்தக்க விடுப்பு கம்பெனியின் பொறுப்பு; அதற்குப் பணம் ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தில் இந்தத் தொகை கோடிகளைத் தொடும். சம்பளம் உயர உயர, பழைய விடுப்பின் மதிப்பும் கூடவே உயரும். அதனால் லீவை எடுக்கச் சொல்லி நிதித் துறை சுற்றறிக்கை அனுப்புகிறது. எடுக்காதே என்று உற்பத்திப் பிரிவு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஊழியரின் நாட்கள் காலாவதியாகின்றன.

காலாவதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி' ஒரு தனி இனம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் சேர மாட்டார்கள். மாதம் ரூ 18,000க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் சேர மாட்டார். மேனேஜர் என்ற பட்டம் கிடைத்த நாளில் ஊரில் இனிப்பு வழங்கியவருக்கு, அந்தப் பட்டத்தோடு இந்தச் சட்டப் பாதுகாப்பு கைநழுவிப் போகலாம் என்பது தெரிந்திருக்காது. அதன் பிறகு பெரும்பாலும் நியமன உத்தரவும் கம்பெனியின் விதிப் புத்தகமும்தான் கதி. 'டிசம்பர் 31க்குள் எடுக்காவிட்டால் போய்விடும்' என்று அதில் எழுதியிருந்தால், போய்விடும்.

கான்ட்ராக்ட் தொழிலாளியின் சங்கடம் வேறு வகை. அதே வாசல், அதே மிஷின், அதே ஷிப்ட். சட்டப்படி அவருக்கும் 20க்கு 1 உண்டு. ஆனால் அவருடைய முதலாளி கம்பெனி அல்ல, கான்ட்ராக்டர். ஓராண்டில் ஒருவர் போய் மற்றொருவர் வந்தால் வருகைப் பதிவேடும் புதிதாகிறது. பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் உழைத்தவர் காகிதத்தில் நேற்றுச் சேர்ந்தவராக நிற்கிறார்.

சி.எல்., சிக் லீவு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் தற்செயல் விடுப்பைத் தரவே இல்லை. அது நிலையாணைகளிலிருந்தோ, தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தத்திலிருந்தோ, மாநிலங்களின் கடைகள், நிறுவனங்கள் சட்டங்களிலிருந்தோ வந்தது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் எண்ணிக்கை வேறுபடுகிறது. மகாராஷ்டிராவின் 2017ம் ஆண்டுச் சட்டம் 8 நாள் தற்செயல் விடுப்பு தருகிறது. ஈட்டிய விடுப்பை 45 நாள் வரை சேர்த்துவைக்க விடுகிறது. தில்லியின் 1954ம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்டுக்கு 15 நாள் விடுப்பு, அது போக நோய்க்கும் தற்செயலுக்கும் சேர்த்து 12 நாள். ஒரே கம்பெனியின் மும்பை ஊழியரும் தில்லி ஊழியரும் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

மத்திய அரசு ஊழியரைப் பார்த்து இவர்கள் பெருமூச்சு விடுவது இயற்கை. அங்கே ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு ஜனவரியில் பாதி, ஜூலையில் பாதி என்று கணக்கில் ஏறுகிறது. 300 நாள் வரை சேர்த்து ஓய்வு பெறும்போது காசாக்கலாம். தனியார் ஊழியர் ஓய்வின்போது வாங்கும் சரண்டர் தொகைக்கு வருமான வரி விலக்கு 2002லிருந்து ரூ 3 லட்சத்திலேயே நின்றிருந்தது. 2023ல்தான் அது ரூ 25 லட்சமாக உயர்ந்தது.

இந்தச் சரண்டர் ஆசையும் ஒரு பொறிதான். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் நெருக்கும்போது, பத்து நாள் ஓய்வைவிடப் பத்து நாள் சம்பளம் கவர்ச்சியானது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விடுப்பின் நோக்கம் ரொக்கம் அல்ல. 1970ல் வந்த சர்வதேச உடன்படிக்கை, குறைந்தபட்ச விடுப்பைக் காசுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது. மூன்று வாரம் குறைந்தபட்ச விடுப்பு கேட்கும் அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை.

விடுப்பை உரிமையாக மட்டும் பார்க்காமல் கட்டாயமாக்கிய ஓர் இடமும் இந்தியாவில் உண்டு: வங்கி. கருவூலம், பணப் பெட்டகம் போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே தவணையில் குறைந்தது 10 வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021ல் விதித்தது. காரணம் கருணை அல்ல. ஒருவர் நாற்காலியை விட்டு நகராமலே இருந்தால் அவர் மேஜையில் நடப்பது வெளியே தெரியாது. இன்னொருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் தப்பு புலப்படும். ஒரு நாளும் லீவே போடாதவர்தான் உத்தமமான ஊழியர் என்று பல்லாண்டுகளாகப் பாராட்டிவந்த நாட்டில், இது ஆடிட்டர்கள் எழுதிய மறுப்புரை.

மோசடியைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஒருவர் இல்லாமல் வங்கி ஓட முடியும் என்றால், தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் ஒருவர் இல்லாமல் கம்பெனியும் ஓடும். அதற்கு ஆள் ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. மேலாளர் சம்பளம் வாங்குவது இதற்கும் சேர்த்துத்தான். ஊழியரின் வேலை, தேதியைக் குறிப்பிட்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது. கிடைத்தால் ஊருக்குப் போகலாம். மறுத்தால் அந்த மறுப்பையாவது எழுத்தில் வாங்கிவைத்துக் கொள்ளலாம். கொடுத்த கடனுக்கு யாரும் சீட்டு இல்லாமல் திரும்புவதில்லை.