நல் பாயிண்டர் நல்லவன், டர்போ சிதான் கெட்டவன்!

போன வாரம் லேபில் நண்பன் ஒருத்தன் லிங்க்டு லிஸ்ட் எழுதினான். ஹெட் பாயிண்டரில் நல் இருக்கு. அதுக்கு இடம் ஒதுக்காமலே நேரா உள்ளே 10-ஐப் போட்டான். டர்போ சி-யில் ரன் பண்ணினா 10 ஜம்முனு வந்தது. அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்தும் வாங்கிட்டான். அதே புரோகிராமை ராத்திரி அதியமான்கோட்டையில், எங்க வீட்டு லினக்ஸில் ஓட்டினேன். வந்தது ஒரே வரி: செக்மென்டேஷன் ஃபால்ட். அவன்கிட்ட சொன்னா, "உன் சிஸ்டம்தான்டா சரியில்லை"ங்கறான்.

இல்லை மக்களே, பொய் சொன்னது டர்போ சி.

அது 1990களின் தொடக்கத்து டாஸ் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸுக்குள் உட்கார வைத்துத்தான் ஓட்டணும். அந்த டாஸில் நினைவகத்துக்குக் காவலே கிடையாது. முகவரி 0-வில் எழுதினாலும் தடுக்க ஆளில்லை. போர்லாண்டுக்காரர்களுக்கே இது தெரியும். அதனால்தான் டேட்டா செக்மென்டின் தொடக்கத்தில் தங்கள் காப்புரிமை வாசகத்தை வைத்தார்கள். புரோகிராம் முடியும்போது அந்த இடம் மாறியிருந்தால் 'நல் பாயிண்டர் அசைன்மென்ட்' என்று ஒரு செய்தி வரும். திருடன் ஊர் எல்லை தாண்டினபிறகு விசில் ஊதும் வாட்ச்மேன் மாதிரி! நாம கடைசி வரியில் கெட்ச் போட்டு, விடையைப் பார்த்ததும் ஒரு கீயைத் தட்டி நீலத் திரைக்குத் திரும்பிடறோம். அந்த விசிலும் காதில் விழறதில்லை.

லினக்ஸும் விண்டோஸும் முகவரி 0 இருக்கும் பக்கத்தைக் காலியாகவே விட்டு வைக்கும். தொட்ட அந்த நொடியே பிராசஸர் புகார் கொடுக்கும், கெர்னல் புரோகிராமை நிறுத்திடும். தப்பு எந்த வரியில்னு டிபக்கரில் பார்த்துக்கலாம். இதைவிட நேர்மையான நண்பன் உண்டா?

நிஜமாகவே பயப்பட வேண்டியது நல்லைக் கூட வைக்காத பாயிண்டருக்கு. குளோபல் மாறிகளுக்கு சி தானாக 0 வைக்கும், ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண மாறிகளுக்கு வைக்காது. மாலாக் தரும் இடமும் அப்படித்தான். எங்க ஊர் காலபைரவர் கோவிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டம். அன்னைக்கு அவசரமாக எடுத்த லாட்ஜ் ரூம்னு வெச்சுக்கங்க: பெருக்காமலே சாவி கொடுப்பாங்க, முந்தையவர் விட்டுப்போன குப்பை அப்படியே கிடக்கும். காலாக் பெருக்கித் துடைத்துக் கொடுக்கும். புதுசா ஆரம்பிக்கும் புரோகிராமுக்கு லினக்ஸ் கொடுக்கும் பக்கங்கள் 0-வாகவே வரும். அதனால் சின்னப் புரோகிராமில் குப்பை கண்ணில் படாமல், "எனக்கு வேலை செய்யுதே" என்று தோணும். பெரிசானதும் சொதப்பும்.

"பேசிக்ஸ் கத்துக்க டர்போ சி போதாதா? வேலையில் யார் சி கேட்கறாங்க?" என்பார்கள். நல் ரெஃபரன்ஸை 1965-இல் அல்கால் டபிள்யூவில் புகுத்திய டோனி ஹோரே, 2009-இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகம் முழுக்கப் படுத்தது. வெற்று ஃபீல்டுகளோடு ஒரு பாலிசித் தரவு வந்தது, சோதிக்காத கோடு நல் பாயிண்டரில் மோதியது. அவங்களுக்கே இந்தக் கதின்னா, இடம் ஒதுக்காத பாயிண்டருக்குக் கையெழுத்து வாங்கின நாம எம்மாத்திரம்?

வாத்தியார்களே, விடையை மட்டும் பார்த்து மார்க் போடாதீங்க. ஜிசிசிக்கு மாறுங்க, அது இலவசம். நண்பர்களே, பாயிண்டரை அறிவிக்கும்போதே முகவரியோ நல்லோ வையுங்க. மாலாக் நல் திருப்பித் தந்ததான்னு பாருங்க. ஃப்ரீ பண்ணினதும் மறுபடி நல் போடுங்க. எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லி கம்பைல் பண்ணி, வால்கிரைண்டிலும் ஒரு தடவை ஓட்டுங்க.

புரோகிராம் லேபிலேயே விழட்டும். விழுந்தா மார்க்தான் போகும்.