நம்பியது அல்லாஹ்வையா, நமது தெருவையா?

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெளியூர்க் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஹஜ்ரத், நம்ம தெருவில் இருக்கும்போது எல்லாம் உண்மையாகத் தெரிகிறது. அங்கே போனதும் ஏதோ கதை போல ஆகிவிடுகிறது. அப்படியானால் நான் நம்பியது அல்லாஹ்வையா, நம்ம தெருவையா?”

அருகிலிருந்த பெரியவர் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று எழுந்துவிட்டார். நாமும் ஒரு துஆவைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினோம். அது போதாது என்பது வீடு திரும்பிய பின்னரே உறைத்தது.

இக்கேள்வி புதிதன்று. கிறிஸ்தவர் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும், யூதர் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிமாகவுமே வளர்வதை இளமையிலேயே கண்டு கலங்கியதாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘அல்முன்கித் மினள் ளலால்’ நூலில் எழுதியுள்ளார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது, பெற்றோரே அதை மாற்றுகின்றனர் என்ற நபிமொழியையும் அங்கே நினைவுகூர்கிறார்கள். அக்கலக்கத்தை எவரும் குஃப்ர் என்று சொல்லவில்லை.

சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967இல் வெளியிட்ட நூலில் இதையே வேறு விதமாக விளக்கினார்: ஒரு நம்பிக்கை நம்பத்தக்கதாகத் தோன்ற, அதை இயல்பாகக் கொள்ளும் மனிதர் சூழ்ந்திருக்க வேண்டும். உண்மைதான். ஸுப்ஹு பாங்கு, நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் சிறுவர், பிறை கண்டதும் எழும் தக்பீர், இவை நமது ஈமானுக்குத் தோள் கொடுக்கின்றன.

ஆனால் அந்த மாணவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. விடுதியும் ஒரு தெருதான். மார்க்கத்தைக் கதையாகத் தோன்றச் செய்ததும் அங்கிருந்த ஆதாரமன்று, அங்கிருந்த சூழலே. வாய்ப்பாட்டை நாம் வாப்பாவிடம் கற்றோம் என்பதால் அது பொய்யாகிவிடுமா? எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. மெய்யா என்பது வேறு கேள்வி. மேலும், சூழலே யாவற்றையும் தீர்மானிக்குமாயின் மக்காவில் பிலால் (ரலி) அவர்கள் ஈமான் கொண்டிருக்க வழியே இல்லை. அதே வேளை, நபி (ஸல்) அவர்கள் ஆரம்ப கால முஸ்லிம்களைத் தனித்தனியே விட்டுவிடவுமில்லை. ஸஃபா குன்றருகே அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒன்றுகூட்டினார்கள்.

குறை நம்மிடமே உள்ளது. மக்தபில் மனனம் செய்விக்கிறோம். ‘ஏன்’ என்று கேட்கும் வயது வரும்போது பிள்ளை டியூஷனுக்குப் போய்விடுகிறது. பெற்றோரே, விடுதிக்குப் பெட்டி கட்டும் முன் ஒரு மாலையேனும் அக்கேள்விகளைக் கோபமின்றிக் கேளுங்கள். ஜமாஅத்தார், அவ்வூரில் பிள்ளைக்கு நாலு நல்ல தோழரைத் தேடிக் கொடுங்கள்.

அந்த மாணவருடன் மறுவாரம் தொலைபேசியில் பேசினோம். பெருநாள் விடுமுறைக்கு வரும்போது கஸ்ஸாலி இமாமின் அந்நூலைச் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. “அந்தப் பெரியவரும் வருவாரா?” என்று கேட்டார். அவரையும் அழைத்திருக்கிறோம்.