கீர்த்தி உண்டு, கிடங்கு எங்கே?

தொண்டியை அடுத்த திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பிரதேசங்களில் மிளகாய்ச் சாகுபடி அநேக குடும்பங்களுக்கு ஜீவனம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்தது. கீர்த்தி வந்தது, சரக்கைக் காக்கும் சாதனம் போதுமா என்பதே நமது கேள்வி.

அறுவடையோடு குடியானவனின் கவலை தீருவதில்லை. ஈரம் நூற்றுக்குச் சுமார் 10 பங்காகக் குறையுமுன் வற்றலை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பற்றும். ஈரலைக் கெடுக்கும் அப்ளாடாக்ஸின் என்னும் விஷம் அதிலிருந்து ஜனிக்கலாம். கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அவ்விஷமுள்ள வற்றலை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. செவ்வனே உலர்ந்த சரக்கும் கடற்காற்றின் ஈரத்தை மீண்டும் உறிஞ்சுகிறது. உஷ்ணத்தாலும் வெளிச்சத்தாலும் நிறம் மங்குகிறது. நிறம் மங்கினால் விலை வீழும். இதற்கஞ்சியே குடியானவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறான். வைக்க இடமற்றவனுக்குப் பேரம் ஏது?

எட்டிவயலில் குளிர்பதனக் கிடங்கு உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் நாலு மூட்டை வைத்திருப்பவனுக்கு அவ்வளவு தூரம் வண்டி வாடகை கட்டுப்படியாகுமா? ஊர்தோறும் சிமிட்டிக் களமும், குடியானவர் சங்கங்களே நடத்தும் கிடங்கும், சரக்கின்பேரில் முன்பணமும் வேண்டும். தேச ஊழியர்கள் இக்கோரிக்கையைக் கிராமந்தோறும் எழுப்புவார்களாக. பெயரைக் கொடுத்த சர்க்கார் பொருளையும் காக்கக் கடமைப்பட்டது.