இந்திய பைலட் லைசென்ஸ்... ஐரோப்பாவில் செல்லுமா?

நந்தனத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: ‘என் மகன் இங்கே ஒரு விமான நிறுவனத்தில் துணை பைலட். ஐரோப்பாவில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். லைசென்ஸை மாற்றித் தருவதாகச் சொல்லி, ஓர் ஏஜென்சியில் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?’

அவசரப்படாதீர்கள் அம்மா. பைலட் லைசென்ஸை யாரும் ‘மாற்றித் தர’ முடியாது. உங்கள் மகன்தான் பரீட்சை எழுதி வாங்க வேண்டும்.

விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் பைலட்டிடம் இருக்க வேண்டும். 1944 சிகாகோ ஒப்பந்தம் சொல்வது இதைத்தான். அதனால், நம் டி.ஜி.சி.ஏ லைசென்ஸை வைத்துக்கொண்டு ஏர் இந்தியா விமானத்தை பாரிஸில் இறக்கலாம். ஆனால், மீனம்பாக்கத்திலிருந்து பிராங்க்ஃபர்ட் கிளம்பும் லுஃப்தான்சா விமானத்தை ஓட்ட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான அமைப்பு ‘இயாசா’. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பது அயர்லாந்து, ஆஸ்திரியா போன்ற உறுப்பு நாடுகளின் விமானத்துறை. ஒரு நாட்டில் வாங்கினால் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும்.

என்னென்ன தேவை?

மெடிக்கல்: ஐரோப்பிய கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ். முதல்முறை, அவர்கள் அங்கீகரித்த விமான மருத்துவ மையத்தில்தான் எடுக்க வேண்டும். இது கிடைக்காவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண். எனவே, இதை முதலில் முடிப்பது நல்லது.

தேர்வு: வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம் என 13 பாடங்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவிகிதம் எடுக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு 4 வாய்ப்புகள். முதல் தேர்வு எழுதிய மாத முடிவிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். தவறினால் 13 பாடங்களையும் திரும்ப எழுத வேண்டியதுதான். அமெரிக்க விமான நிறுவன கேப்டனுக்கும் இதில் சலுகை இல்லை.

பயிற்சி: இங்கே பறந்த மணிநேரம் வீணாகாது. அதைப் பார்த்து, எவ்வளவு கூடுதல் பயிற்சி தேவை என்று அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி மதிப்பிடும். பிறகு செய்முறைத் தேர்வு. ஆங்கிலத் திறனில் குறைந்தது 4-வது நிலையும் வேண்டும்.

இத்தனையும் முடித்தாலும் கையில் இருப்பது லைசென்ஸ் மட்டுமே. அது விசா இல்லை. பல ஐரோப்பிய நிறுவனங்கள், ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை உள்ளவர்கள் மட்டும்’ என்று விளம்பரத்திலேயே நிபந்தனை போடுகின்றன. லட்சங்களைச் செலவழித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் தாங்க முடியாது. லண்டன்தான் கனவு என்றால் கணக்கே வேறு. 2021 முதல் பிரிட்டன் இயாசாவில் இல்லை. அங்கே தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

ஆகவே, மகனை முதலில் நான்கைந்து நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள். வேலை அனுமதிக்கு உதவும் நிறுவனம் இருந்தால், அடுத்து மெடிக்கல். அதன் பிறகு பாடப் புத்தகம். ஐரோப்பிய லைசென்ஸ் வாங்குவதற்காக இந்திய லைசென்ஸை ஒப்படைக்க வேண்டியதில்லை. அதைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே வரட்டும்.

ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வேலை அனுமதிக்கு என்ன வழி?’ எழுத்தில் தெளிவான பதில் வரும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.