நெருப்புக்கு ஓர் ஓட்டு

தேர்தலில் மனிதர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நிற்பவர் இன்னார் என்று தெரியாமலே சின்னத்தை மட்டும் பார்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் உண்டு. ஆனால், வரி ஒன்று தேர்தலில் நிற்பதை நேயர்கள் பார்த்ததுண்டா? "என்னை ஆதரியுங்கள், வருஷந்தோறும் உங்கள் பையிலிருந்து இவ்வளவு பணம் எடுத்துக் கொள்கிறேன்" என்று ஒரு வரி நம் வாசலில் வந்து கைகூப்பி நின்றால் என்ன ஆகும்? அதன் டிபாஸிட் பறிபோகும் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆயினும் அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் இத்தகைய வரிகள் தேர்தலுக்குத் தேர்தல் நிற்கின்றன. அவற்றில் பல ஜெயிக்கவும் செய்கின்றன!

ஊர்த் தீயணைக்கும் படைக்கும் ஆம்புலன்ஸ் வண்டிக்கும் வேண்டிய பணத்தைச் சொத்து வரியின் மூலம் திரட்டலாமா, கூடாதா என்று ஜனங்களையே கேட்டுவிடும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இதன் பூர்வ கதை பழையது. பிலடெல்பியா நகரில் 1736-ம் வருஷம் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களைச் சேர்த்து ஒரு தீயணைக்கும் சங்கம் கண்டார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளும் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள் அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதப் பணத்திலேயே நெருப்பு எஞ்சின்களும் வாங்கினார்கள் என்றால், கூட்டத்துக்கு வராமல் இருப்பதும் ஒரு பொதுஜன சேவை என்று சிலர் நினைத்திருக்கலாம்! சம்பளம் வாங்கும் முழு நேரப் படை சின்ஸினாட்டி நகரில் ஏற்படுவதற்கு 1853 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தொண்டர்களே.

தொண்டர்கள் இருக்கும்போது வரி எதற்கு என்று கேட்கலாம். இப்போது அந்தப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும் பகுதி நெருப்புக்காக அல்ல. மார்வலி, மூச்சுத் திணறல், கீழே விழுந்த கிழவர் என்று வைத்திய சம்பந்தமானவை. தொண்டர்களோ பகலில் தொலை தூரத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். இருதயம் நின்றுபோனவருக்கு உதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துகொண்டே போகிறது. தொண்டர் வீடு திரும்பும் வரையில் யமன் காத்திருப்பானா? ஆகவே நிலையத்தில் யாராவது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். அழைப்பே வராத இரவுக்கும் சம்பளம் உண்டு. ஆம்புலன்ஸில் ஏறிய நோயாளியிடம் கட்டணம் வாங்கலாம். விழித்திருந்ததற்கு யாரிடம் வாங்குவது?

ஓஹையோ ராஜ்யத்தில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு கவனிக்கத் தக்கது. சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வரி விதிப்பதானால் பொதுவாக ஜனங்களின் சம்மதம் வேண்டும் என்று 1933-ல் அங்குள்ள ஜனங்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். தீயணைக்கும் வரி பெரும்பாலும் இந்த எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை 'மில்' என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு மில் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. 2,00,000 டாலர் பெறுமான வீட்டை நூற்றுக்கு 35 வீதம் மதிப்பிட்டு 70,000 என்று வைத்துக் கொள்வார்கள். ஒரு மில்லுக்கு 70 டாலர். மூன்று மில் வரிக்கு வருஷம் 210 டாலர். வாக்குச் சீட்டிலேயே வீட்டு மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு எவ்வளவு வரி என்று அச்சிட்டிருக்கும். பின்னால் வந்து, "எனக்குத் தெரியாதே!" என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. 1976-ல் செய்த ஒரு சட்டத்தின்படி, வீட்டின் விலை ஏறினால் வரி விகிதம் தானாக இறங்கிவிடும். பழைய வீடுகளிலிருந்து மொத்தத்தில் பழைய தொகைதான் வசூலாகும். வீட்டுக்காரருக்கு இது நிம்மதி. தீயணைக்கும் படைத் தலைவருக்கோ தலைவலி. பெட்ரோல், மருந்து, வண்டி, சம்பளம் எல்லாம் விலை ஏற, வருமானம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. சில வருஷங்களுக்கு ஒரு முறை அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜனங்களிடம் வர வேண்டியதுதான்.

இப்படி வந்து கேட்பது அவமானமா? வாஷிங்டன் ராஜ்யத்தில் ஸியாட்டில் நகரின் அனுபவத்தைப் பார்க்கலாம். டாக்டர் லெனார்டு காப் என்பவரும், தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியும் சேர்ந்து 1970-ல் அங்கே ஒரு வண்டியை ஓட விட்டார்கள். இருதய நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியையே அவரிடம் கொண்டுபோவது அவர்கள் நோக்கம். அந்தப் பெருத்த வண்டிக்கு 'மோபி பிக்' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். 1979-ல் அந்த நகரைச் சூழ்ந்த கிங் கௌண்டி ஜனங்கள் இந்த சேவைக்காக வரி கொடுக்க ஓட்டளித்தார்கள். 1997 நவம்பரில் அது தோற்றது; ஏனெனில், நூற்றுக்கு அறுபது ஓட்டுத் தேவை என்பது அப்போதைய விதி. விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 1998 பிப்ரவரியில் மீண்டும் கேட்டார்கள். ஜனங்கள் இம்முறை கொடுத்தார்கள். இருதயம் நின்றவர்களைப் பிழைக்க வைப்பதில் இன்று அந்தப் பிரதேசம் உலகத்தின் முன்னணியில் நிற்கிறது.

வரி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. டென்னஸி ராஜ்யத்தில் ஸவுத் புல்டன் என்னும் சிறு நகரத்தின் படை, நகர எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கு வருஷம் 75 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு சேவை செய்துவந்தது. 2010 செப்டம்பரில், சந்தா கட்டாத ஒருவர் வீட்டில் நெருப்புப் பிடித்தது. படை வந்தது; சந்தா கட்டியிருந்த அண்டை நிலத்துக்காரருக்காக வந்தது! வீட்டுக்காரர், "எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்" என்று கதறியும், வீடு எரிந்து சாம்பலாகும் வரையில் அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வளர்ப்பு நாய்கள் மூன்றும் பூனை ஒன்றும் உள்ளே மாண்டன.

படைக்காரர்களைக் கல் நெஞ்சர்கள் என்று திட்டுவது சுலபம். வீடு பற்றிய பிறகு சந்தா கட்டலாம் என்றால், பற்றுவதற்கு முன் கட்டுகிறவர் யார் என்பது அவர்கள் தரப்பு வாதம். கணக்கின்படி அது சரிதான். ஆனால், ஒரு வீடு எரியும்போது அந்த வீட்டுக்காரர் பாக்கிதாரரா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேர்ந்துவிட்ட ஏற்பாடு, ஏற்பாடே அல்ல. எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வரிக்கும் சந்தாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஓட்டு வழியில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊரில் ஒரு மில் வரி புது எஞ்சின் வாங்கித் தரும். ஏழை ஊரில் அதே ஒரு மில் பழைய எஞ்சினுக்கு டயர் வாங்கவும் போதாது. நெருப்புக்கு இந்தத் தாரதம்மியம் தெரியாது. சொந்த வீடு இருந்தும் கையில் ரொக்கம் இல்லாத கிழவி ஒருத்தி, 'வேண்டாம்' என்று ஓட்டளித்தால் அவளைக் குறை கூறுவதும் நியாயமல்ல. ஆம்புலன்ஸ் அதிகமாகத் தேவைப்படுவதும் அவளுக்கே அல்லவா? பணக்கார ஊர்களும் ராஜ்ய ஸர்க்காரும் ஏழை ஊருக்குக் கைகொடுக்க வேண்டும்; முதியோருக்குச் சலுகை வேண்டும். அவ்விரண்டும் இல்லாத ஓட்டு, அரை நியாயந்தான்.

நம் தமிழ் நாட்டில் தீயணைப்பு ராஜ்ய ஸர்க்காரின் இலாகா. 2008-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸும் ஸர்க்கார் செலவிலே ஓடுகிறது. அதற்காக யாரும் நம்மிடம் ஓட்டுக் கேட்பதில்லை. அது ஒரு சௌகரியம். ஆனால் சௌகரியத்தில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. கேட்காமல் எடுக்கப்பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் நாம் மறந்துவிடுகிறோம். 'கொடுக்கிறேன்' என்று கையெழுத்திட்ட ஜனங்களோ, வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

நடு நிசியில் மணியோசை கேட்கும்போது, "யார் வீட்டுக்கோ!" என்று புரண்டு படுப்பது மனித சுபாவம். "யார் வீட்டுக்கானாலும் நாம் அனுப்பிய வண்டி" என்று நினைத்துப் படுப்பவன் சற்று நன்றாகத் தூங்குவான். அந்தத் தூக்கத்துக்கு வருஷம் 210 டாலர் அதிக விலையென்று எனக்குத் தோன்றவில்லை.