நிலத்தோற்றக் கலையும் மலைநாட்டு இளைஞரும்

ஜூபிலி மலரில் கல்லூரி கடந்துவந்த பாதையைப் போற்றி எழுதுதல் மரபு. அதற்குரியவர் பலர் இம்மலரில் எழுதியுள்ளனராதலின், யாம் இனி வரும் மாணவர் செல்லத்தக்க ஒரு பாதையைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நம் பிள்ளைகளின் முன் வைக்கப்படும் தொழில்கள் பெரும்பாலும் நான்கே: வைத்தியம், பொறியியல், கணக்கியல், ஆசிரியம். இவை உயர்ந்த தொழில்களே. ஆயினும் நாம் பிறந்த மலைக்கும் நம் கையிலுள்ள அறிவுக்கும் மிகப் பொருந்திய ஐந்தாவது தொழில் ஒன்று இருக்க, அதனைப் பேர்சொல்லி அழைப்பார்கூட நம்மிடை அரியர். நிலத்தோற்றக் கலை என்பதே அது. ஆங்கிலத்தார் அதனை லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்பர்.

பெயரைக் கேட்டதும், பங்களா முற்றத்திற் பூப்பாத்தி கட்டும் வேலை என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. 1858 ஆம் ஆண்டில் ஓம்ஸ்டெட், வோக்ஸ் என்னும் இருவர் நியூயோர்க் நகரின் நடுப்பூங்காவுக்குத் திட்டம் வரைந்து பரிசு பெற்றபோது, அவர்கள் முதற்கண் நோக்கியது நீர் எங்கே தேங்குகின்றது, மக்கள் எவ்வழி நடப்பர், வண்டிகள் எவ்வழி செல்லும் என்பவற்றையே. 1948 இல் இக்கலைஞர்க்கு உலகப் பேரவை ஒன்று தோன்றிற்று. 1969 இல் இயன் மக்ஹார்க் என்பார் தம் நூலில் ஒரு முறையை விளக்கினார். பாறை, மண், நீரோட்டம், சரிவு, மரஞ்செடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், எங்கே கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்பது தானே புலப்படும் என்றார். கட்டத்தகாத இடத்தைக் கண்டறிந்து சொல்லுதலே இக்கலையின் தலையாய கடன் என்பது எமது துணிபு.

இதனைக் கொஸ்லந்தையில் இருந்து படிப்பார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மீரியபெத்தத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயன்கள் புதைந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மறைந்தனர்; பலருடைய உடல் மீட்கப்படவேயில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள், வீடும் உறவும் இழந்து நின்றனர். அவ்விடம் ஆபத்தானது என்பது முன்பே அறியப்படாத செய்தியன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்களை வரையத் தொடங்கியது. மீரியபெத்த மக்களை வேறிடத்துக்கு மாற்றுமாறு 2005 இலும் 2011 இலும் அந்நிறுவனம் எச்சரித்திருந்தது. படமும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அப்படத்தை லயத்து வாசலுக்குக் கொணர்ந்து, அம்மக்கள் மொழியில் விளக்கி, 'இங்கே வேண்டாம். இதோ, இந்த மேட்டில், இவ்வாறு குடியிருக்கலாம்' என்று மாற்றிடத்தை வரைந்து காட்டத்தக்க ஒருவர் இல்லை. இல்லாத அந்த ஒருவரையே நாம் உண்டாக்க வேண்டும் என்கின்றோம்.

மலை சரிவதற்கு மழை மட்டும் காரணம் அன்று. பண்டு மேலிருந்து உருண்டு வந்து அடிவாரத்தில் தங்கிய தளர்ந்த மண்ணுள் நீர் இறங்கி நிறையுமாயின், மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குன்றும். நீர் வெளியேற வழியிருந்தால் ஆபத்துக் குறையும். வழி அடைபட்டால் மிகும். இதனை நம் பெற்றோர் நூல் படியாமலே அறிந்திருந்தனர். சரிவுக்குக் குறுக்கே அளவறிந்து கான் வெட்டியவர்கள் அவர்கள். கான் தூர்ந்தால் மேல்மண் போகும் என்பதும், சவுக்கு என்று மலையகத்தார் வழங்கும் கிரவில்லியா மரத்தை எவ்விடத்து நிறுத்துவது என்பதும், மானாப்புல் மண்ணை எவ்வாறு பற்றும் என்பதும், தவறணையில் இளங்கன்றுக்கு எத்துணை நிழல் வேண்டும் என்பதும், கவ்வாத்து வெட்டியபின் செடி எவ்வாறு தளிர்க்கும் என்பதும் அவர்கள் கைப்பழக்கமாய்க் கொண்ட கல்வி. பிற ஊர் மாணவர் ஏட்டிற் படித்து அறியவேண்டிய இவற்றுட் பலவற்றை, நம் மாணவர் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்கின்றனர்.

ஆனால் இங்கேதான் தடை எழுகின்றது. "தோட்டத்தை விட்டு வெளியேறட்டும் என்றல்லவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்? மீண்டும் மண்வெட்டியையா கையிற் கொடுக்கச் சொல்கின்றீர்?" என்று பெற்றோர் கேட்பர். இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. நூற்றைம்பது ஆண்டு உழைப்பின் நோவு அதனுள் இருக்கின்றது. ஆயினும் பிறர் வரைந்த கோட்டிற் கான் வெட்டுதல் வேறு. கோட்டை வரைதல் வேறு. இதுகாறும் மலையில் எங்கே லயம் அமைவது, எங்கே பாதை செல்வது, எந்த ஓடை திருப்பப்படுவது என்பனவற்றை நம்மவர் தீர்மானித்தாரல்லர். அத்தீர்மானம் செய்யும் இடத்தில் நம் பிள்ளை அமர்வது தோட்டத்துக்குத் திரும்புதல் அன்று. தோட்டத்தை முதன்முறையாக நம் கண்கொண்டு பார்த்தலாகும்.

மற்றுமொன்று. இவ்வீழநாட்டில் சென்ற நூற்றாண்டில் உலகப்புகழ் பெற்ற தோட்டக்கலை ஆக்கங்கள் இரண்டு. ஒன்று, பீவிஸ் பாவா 1929 முதல் உருவாக்கிய பிரீஃப் தோட்டம். மற்றது, அவர் தம்பி ஜெஃப்ரி பாவா 1948 இல் வாங்கிப் பென்தோட்டைக்கு அருகே ஐம்பது ஆண்டளவாக வளர்த்த லுணுகங்கை. இரண்டும் முன்னர் றப்பர்த் தோட்டங்களே. றப்பர் நின்ற மண்ணில் அத்தகு கலை மலருமாயின், தேயிலை நிற்கும் மண்ணில் மலராது என்பதற்கு நியாயம் யாது?

இனி, தொழிலைத் தொடங்கும் வகையைக் கூறுவோம். பல்கலைக்கழகம் புகுமுன்பே பழகத்தக்கன சில உள. முதலாவது, வரைதல். நாடோறும் ஒரு மரத்தையேனும் ஒரு படிக்கட்டையேனும் அளந்து, அளவுத்திட்டப்படி தாளில் வரைக. இரண்டாவது, மட்டம் பார்த்தல். மூன்று கம்புகளை ஆங்கில ஏ எழுத்து வடிவிற் கட்டி, உச்சியில் நூலிற் கல்லைத் தொங்கவிட்டால், சரிவில் சமமட்டக் கோட்டை எவரும் குறிக்கலாம், செலவு யாதுமில்லை. மூன்றாவது, மழையை அளத்தல். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பாயிருக்கவும், 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 கடந்தால் உடனே வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் அளவு. மழைமானியை நாடோறும் பார்த்துக் குறித்துவைக்கும் மாணவன் தொழிலும் கற்கின்றான், அயலாரையும் காக்கின்றான். நான்காவது, மரஞ்செடிகளைத் தமிழ், சிங்களம், தாவரவியல் ஆகிய மூவகைப் பெயராலும் அறிதல். ஐந்தாவது, ஆங்கிலமும் கணினியும். இன்று வரைபடங்களெல்லாம் கணினியிலேயே ஆக்கப்படுகின்றன. நிலத்தகவலை அடுக்கடுக்காகக் காட்டும் மென்பொருள்கள், மக்ஹார்க் தாளிற் செய்ததை நொடியிற் செய்கின்றன.

பட்டப்படிப்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உளதாகலின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலை மாணவர் உயர்தரப் பாடங்களைத் தெரியும் முன்னரே படித்தல் நன்று. புள்ளி போதாதார் மனந்தளர வேண்டா. தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளை உடையது. தோட்டக்கலை, படவரைதல், நில அளவை ஆகிய பயிற்சிகள் வழியாகவும் படிப்படியாக ஏறலாம். எவ்வழிச் செல்வோரும் தாம் வரைந்தவற்றையும் செய்தவற்றையும் நாட்குறிப்போடு ஒரு கோவையாகத் தொகுத்து வைத்தல் வேண்டும். இத்துறையில் சான்றிதழுக்கு முன்னே கேட்கப்படுவது அக்கோவையே.

வேலை கிடைக்குமா என்பார்க்கு மெய்யே உரைப்போம். இத்தொழிலுக்கு இன்று வேலை தருவோர் பெரும்பாலும் கொழும்பிலும் கரையோர விடுதிகளிலுமே உளர். எனினும் வேலை இல்லாத இடம் வேறு; வேலையை எவரும் இன்னும் கேட்டு வாங்காத இடம் வேறு. மலைநாடு இரண்டாவது வகை. 2016 ஒக்டோபரில் மீரியபெத்த மக்களுக்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. நல்லதே. ஆனால் வீடு ஊராவதற்குக் கூரைநீர் எங்கே விழும், பிள்ளைகள் எங்கே ஆடுவர், கறிப்பாத்தி எங்கே, கோயில் மரம் எங்கே என்பன வேண்டும். மலையக வீடமைப்பிற் பல குடும்பங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றரே. அச்சிறு நிலத்தில் இவையெல்லாம் அடங்க வரைதல், பெரிய பூங்காவை வரைதலினும் கடினமான கலை. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவிக்குத் திரள்திரளாக வருவோர் நடக்கும் பாதையும் கூடாரமிடும் இடமும் வரைவார் கையை வேண்டி நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் வருத்தியதை நாடு கண்டது. இனிக் கட்டப்படும் குடியிருப்புகளை நிலமறிந்தார் துணையின்றிக் கட்டுதல் அடுத்த துயரத்துக்கு அடிக்கல் நாட்டுதலாகும்.

ஆதலின் பழைய மாணவரிடம் ஒரு விண்ணப்பம். ஜூபிலி நினைவாக வாயிலில் வளைவு கட்டுதல் எங்கணும் வழக்கம். அவ்வளவுக்கு ஆகும் பணத்தை மூன்று காரியங்களுக்குப் பகிர்வோமாக. கல்லூரி வளவை மாணவரே அளந்து, சமமட்டக் கோடுகளும் கான்களும் நீர்வழிகளும் குறித்த படம் ஒன்றை ஆக்குவதற்கு அளவைக்கருவிகளும் வழிகாட்டும் ஒருவரும் வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் உள்நாட்டு மரக்கன்றுகளுக்குத் தவறணை ஒன்று வேண்டும். இத்துறையிற் பயிலச் செல்லும் மாணவர் ஒருவர்க்கு விடுதிச்செலவும் கணினியும் உதவும் நிதி வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் புவியியல், சித்திரம், விவசாயம் ஆகிய பாடங்களை அப்படத்தின்மேல் ஒன்றுகூட்டிக் கற்பிப்பாராயின், பாடமும் பயன்தரும், வளவும் பாதுகாப்புறும்.

வளைவு வருவாரை வரவேற்கும். அதற்குமேல் ஒன்றுஞ் செய்யாது. நிலத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவன், மழைக்கால இரவில் ஒரு லயத்து மக்களை எழுப்பி வெளியேற்றுவான். பின்னொருநாள் அவர்களுக்கு அஞ்சாது உறங்கத்தக்க இடத்தையும் வரைந்து கொடுப்பான். அத்தகைய மாணவர் எம் கல்லூரியிலிருந்து தோன்றுவாராக. அவரைத் தோற்றுவித்த பெருமை பழைய மாணவர்க்கு உரியதாகுக.